பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு பிசினஸ் சிமுலேஷன்: எதில் தொடங்குவது?

கேள்வி இதுதான்: பிளஸ் ஒன் வணிகவியல் பிரிவுப் பிள்ளைகளுக்கு பிசினஸ் சிமுலேஷன், அதாவது வியாபாரம் நடத்துவதை ஆட்டமாக ஆடிப் பார்ப்பது, நடத்தலாம் என்று பள்ளியில் பேச்சு வந்திருக்கிறது, மென்பொருள் விற்பவர் ஒருவர் டெமோ காட்டிவிட்டுப் போயிருக்கிறார், மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று கட்டணம். இதில் பிள்ளைகள் உண்மையிலேயே ஏதாவது கற்றுக்கொள்வார்களா, இல்லை கம்ப்யூட்டர் லேபில் இரண்டு பீரியடு போனதுதான் மிச்சமா? தொடங்குவதென்றால் எதில் தொடங்குவது?

கற்றுக்கொள்வார்கள். ஆனால் மென்பொருளை இப்போதைக்கு வாங்காதீர்கள். முதல் வருடம் காகிதத்திலும் புளியங்கொட்டையிலும் நடத்துங்கள். நான் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்குப்பதிவியலும் வணிகவியலும் எடுக்கிறவன், ஏழு வருடமாக இந்த ஆட்டங்களை வகுப்பில் நடத்தி வருகிறேன், அதில் முதல் இரண்டு வருடம் தப்பாகத்தான் நடத்தினேன். அந்தத் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல் வருடம் நான் செய்தது: ஐந்து அணி, யாருக்கு லாபம் அதிகமோ அவர்களுக்குப் பரிசு. வகுப்பே அமர்க்களப்பட்டது, தலைமை ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார், கடைசிச் சுற்று முடிந்து யார் முதலிடம் என்று சொன்ன கையோடு மணி அடித்துவிட்டது. அடுத்த நாள், ஜெயித்த அணியிடம் ஏன் ஜெயித்தீர்கள் என்று கேட்டேன். "விலையைக் குறைச்சோம் சார்" என்றார்கள். தோற்ற அணியும் விலையைக் குறைத்துத்தான் தோற்றிருந்தது. இரண்டு அணிக்கும் என்ன நடந்தது என்றே தெரியவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஆட்டத்தில் முடிவு எடுப்பதால் பிள்ளைகள் எதையும் கற்றுக்கொள்வதில்லை. எடுத்த முடிவின் விளைவு நாலு சுற்று தள்ளி வந்து முன்னால் நிற்கும்போது, அன்றைக்கு என்ன நினைத்து இதை எடுத்தோம் என்று திரும்பிப் பார்க்கிற அந்த அரைமணி நேரத்தில்தான் கற்றுக்கொள்கிறார்கள். அந்த அரைமணி நேரம் இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் வீண். அந்த நேரம் இருந்தால் தீப்பெட்டியும் கொட்டையும் போதும்.

சரி, எதில் தொடங்குவது? அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பள்ளியில் ஜே ஃபாரஸ்டர் குழுவினர் 1960களில் உருவாக்கிய ‘பீர் கேம்’ என்று ஒன்று இருக்கிறது. உலகம் முழுக்க எம்.பி.ஏ. வகுப்புகளில் இன்றும் ஆடுகிறார்கள். பள்ளியில் பீர் வேண்டாம், நான் பிஸ்கட் பெட்டி என்று வைத்துக்கொள்வேன். ஒரு வரிசைக்கு, கீழிருந்து மேலாக, நாலு இடம்: சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, ஏஜென்சி, ஃபாக்டரி. ஒரு புளியங்கொட்டை ஒரு பெட்டி. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பேர், ஒருவர் கொட்டையை எண்ணி நகர்த்த, இன்னொருவர் கணக்கு எழுத. ஆக எட்டுப் பேருக்கு ஒரு வரிசை, நாற்பது பேர் வகுப்பில் ஐந்து வரிசை.

ஆளுக்கு 12 பெட்டி கையிருப்பு. வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கும் வாரத்துக்கு 4 பெட்டி வீதம் இருக்கும். ஒவ்வொரு ‘வாரமும்’ செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மேலிருந்து வந்த சரக்கை எடுத்துக்கொள், கீழிருந்து வந்த ஆர்டருக்குச் சரக்கை அனுப்பு, இல்லையென்றால் நிலுவையில் எழுது, மேலே எத்தனை பெட்டி ஆர்டர் போடுவது என்று தீர்மானித்துச் சீட்டைக் கவிழ்த்து நகர்த்து. கேட்ட சரக்கு உடனே வராது, சீட்டு மேலே போய்ச் சேர்வதற்கும் சரக்கு கீழே வந்து சேர்வதற்கும் வாரங்கள் ஆகும். கையில் தேங்கும் ஒரு பெட்டிக்கு வாரம் அரை டாலர் செலவு, கொடுக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் பெட்டிக்கு ஒரு டாலர் என்பது மூல விதி. நான் ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் என்று மாற்றிக்கொள்வேன், விகிதம் அதேதான். நாலு இடத்தின் செலவையும் கூட்டி எந்த வரிசைக்குக் குறைவோ அது நன்றாக ஆடியது. ஒரே நிபந்தனை, ஒரு இடத்தில் இருப்பவர் அடுத்த இடத்தில் இருப்பவரோடு பேசக்கூடாது, சீட்டு மட்டும்தான் பேசும்.

வாடிக்கையாளர் நான். ஒரு கார்டுக் கட்டு வைத்திருப்பேன், வாரம் ஒரு கார்டு, அதைச் சில்லறைக் கடைக்காரர் மட்டும் பார்ப்பார். கார்டில் என்ன இருக்கும்? முதல் நாலு வாரம் 4. ஐந்தாம் வாரத்திலிருந்து 8. கடைசி வரைக்கும் 8. அவ்வளவுதான்.

இந்த ஒரே ஒரு மாற்றத்துக்கு வகுப்பு என்ன ஆகிறது என்று நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். ஐந்தாவது வாரம் சில்லறைக் கடையில் ஒரு சின்ன அதிர்ச்சி, கையிருப்பு குறைகிறது, அவன் 8 கேட்டால் போதும், ஆனால் பயத்தில் 10, 12 என்று போடுவான். மொத்த வியாபாரிக்கு அது ஒரு பெரிய ஏற்றமாகத் தெரியும், அவன் 16 போடுவான். அது ஏஜென்சிக்குப் போய் 20 ஆகும். போன வருடம் ஒரு வரிசையில் ஃபாக்டரி சீட்டில் 40 என்று எழுதியிருந்தது, கீழே வாடிக்கையாளர் வாங்குவது அப்போதும் வாரம் 8தான். பத்தாவது, பன்னிரண்டாவது வாரத்தில் எல்லா மேசையிலும் சிவப்பு மையில் நிலுவை. "அண்ணா அனுப்புங்கண்ணா" என்று வரிசையில் கீழே இருப்பவன் மேலே பார்த்துக் கெஞ்சுவான், பேசக்கூடாது என்ற விதியெல்லாம் காற்றில் போகும். அப்புறம் திடீரென்று கேட்ட சரக்கெல்லாம் மொத்தமாக வந்து இறங்கும். கொட்டை வைக்க மேசையில் இடம் இருக்காது. ஆர்டர் சீட்டில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். ஃபாக்டரியில் இருக்கும் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மூலத்தில் முப்பது நாற்பது வாரம் ஆடுவார்கள். நான் இருபத்தைந்தில் நிறுத்திவிடுவேன், அதற்குள் ஏற்றமும் இறக்கமும் இரண்டும் வந்துவிடும். தொடர்ந்து இரண்டு பீரியடு வாங்கிக்கொள்ளுங்கள், அதில் ஆட்டம். பேச்சுக்கு மறுநாள் ஒரு முழு பீரியடு. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மறுநாள் முதல் வேலை: சில்லறைக் கடையில் இருந்தவர்களைத் தவிர மற்ற எல்லோரிடமும் வரைபடத் தாள் கொடுத்து, வாடிக்கையாளர் வாரா வாரம் எத்தனை பெட்டி வாங்கியிருப்பார் என்று நினைக்கிறீர்கள், கோடு போடுங்கள் என்று சொல்வேன். பெரும்பாலும் எல்லோரும் மலை மாதிரி ஒரு ஏற்றம், அப்புறம் ஒரு பள்ளம் வரைவார்கள். அப்புறம் நான் கார்டுக் கட்டை மேசையில் ஒவ்வொன்றாகப் போடுவேன். 4, 4, 4, 4, 8, 8, 8, 8... பத்தாவது கார்டு வரும்போது வகுப்பில் சத்தம் அடங்கிவிடும். ஏஜென்சியில் இருந்த ஒரு பெண் எழுந்து வந்து கட்டை வாங்கி, மிச்சக் கார்டுகளைத் தானே புரட்டிப் பார்த்தாள், நான் எங்கேயாவது ஒளித்து வைத்திருப்பேன் என்று. எல்லாம் 8. "அப்ப கஸ்டமர் ஒண்ணுமே பண்ணலையா சார்?" என்றாள். இந்தக் கேள்விதான் எனக்கு வேண்டியது. குழப்பத்தை உண்டாக்கியது வாடிக்கையாளரா, பக்கத்து மேசைக்காரனா, இல்லை சரக்கு வரத் தாமதமாகும் ஓர் அமைப்பில் ஒவ்வொருவரும் தன் பயத்துக்கு நியாயமாக நடந்துகொண்டதா? அதிலிருந்து ஒரு மணி நேரம் பேச்சு தானாக ஓடும்.

இந்த ஊசலாட்டத்துக்கு வணிகத் துறையில் சவுக்கடி விளைவு என்று பெயர். சவுக்கின் கைப்பிடியைக் கொஞ்சம் அசைத்தால் நுனி எவ்வளவு வீசுகிறது, அதுபோல. ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் குழந்தைகளுக்கான டயப்பர் விற்பனையில் இதைக் கண்டது பிரபலமான உதாரணம். குழந்தைகள் ஒரே சீராகத்தான் டயப்பரை நனைக்கின்றன, ஆனால் மேலே போகப் போக ஆர்டர்கள் துள்ளுகின்றன. 2020இல் சானிடைசர் முதலில் எங்கேயும் கிடைக்காமல் போய், அப்புறம் கடைகளில் தேங்கிக் கிடந்ததை இந்தப் பிள்ளைகளே பார்த்திருக்கிறார்கள். அதை எடுத்துக் கொடுத்தால் போதும். ஒரு தடவை மளிகைக் கடைக்காரர் வீட்டுப் பையன் ஒருவன், தீபாவளிக்கு முன்னால் தன் அப்பா ஏஜென்சியிடம் வேண்டியதைவிட இரண்டு மடங்கு எழுதிக் கொடுப்பார், பாதிதான் அனுப்புவார்கள் என்று தெரிந்தே கேட்பார் என்று சொன்னான். அது அப்படியே மேலாண்மைப் பாடத்தில் இருக்கும் விஷயம், பற்றாக்குறை வந்தால் பொய் ஆர்டர் பெருகும் என்பது. நான் சொல்லித்தந்திருந்தால் ஒரு வரி, அவன் சொன்னதால் வகுப்புக்கே மறக்காது.

இது ஒரு ஆட்டம். இரண்டாவதாக நான் நடத்துவது ரொக்கத்துக்கும் லாபத்துக்கும் உள்ள வித்தியாசம். இதற்கு மென்பொருளே வேண்டாம், எக்செல் தாள் ஒன்று போதும், அதுவும் இல்லையென்றால் கரும்பலகை. ஒவ்வொரு அணிக்கும் முதல் 10,000 ரூபாய். ஒரு பொருள் செய்ய அடக்கம் 80 ரூபாய், வாடகையும் கூலியும் மாதம் 1,500. வாங்குபவர் இருவர். ஒருவர் ரொக்கம் கொடுத்து 95க்கு வாங்குவார், கொஞ்சமாகத்தான் வாங்குவார். இன்னொருவர் 110க்கு எவ்வளவு செய்தாலும் எடுத்துக்கொள்வார், பணம் இரண்டு மாதம் கழித்து. பிள்ளைகள் 110இல் போய் விழுவார்கள். 100 பொருள் செய்து மொத்தத்தையும் கடனுக்குக் கொடுத்த அணியின் கணக்கு: விற்பனை 11,000, அடக்கம் 8,000, செலவு 1,500, லாபம் 1,500. லாப நட்டக் கணக்கில் சந்தோஷம். கையில் ரொக்கம் எவ்வளவு? 500. அடுத்த மாதம் 150 பொருளுக்கு ஆர்டர் வந்து நிற்கிறது, செய்ய 12,000 வேண்டும். வாடகைக்கே இல்லை.

கடனாளிகள் (நமக்குப் பணம் தர வேண்டியவர்கள்), நடைமுறை மூலதனம் (அன்றாடம் தொழில் ஓடத் தேவைப்படும் பணம்) என்ற சொற்களை இந்தப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்தவர்கள்தான், இரண்டு மதிப்பெண் வினாவுக்கு வரையறை எழுதக் கூடியவர்கள்தான். ஆனால் லாபத்தில் ஓடும் கடை ஏன் மூடுகிறது என்பது இந்த இரண்டாவது மாதத்தில்தான் அவர்களுக்குப் புரிகிறது. இதற்குப் பிறகு இருப்புநிலைக் குறிப்பு எடுத்தால், சொத்துப் பக்கத்தில் கடனாளிகள் 11,000 என்று எழுதும்போது ஒருவனாவது "அது பணம் இல்ல, வரவேண்டியது" என்று சொல்வான்.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு இதுவும் கனம் என்றால் இன்னும் எளிதாக ஒன்று இருக்கிறது. 1973இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பள்ளிக் கணினிகளுக்காக எழுதிய ‘லெமனேட் ஸ்டாண்ட்’ என்ற ஆட்டம். ஒரு நாளைக்கு மூன்றே முடிவு: எத்தனை கிளாஸ் தயாரிப்பது, எத்தனை விளம்பர அட்டை வைப்பது, என்ன விலை. வானிலை பார்த்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும். நம் ஊரில் மோர்க்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள், வெயிலா மழையா என்று தாயக்கட்டையை உருட்டுங்கள், ஐம்பது வருடத்துக்கு முந்தைய அந்த ஆட்டம் அப்படியே நடக்கும். மழை நாளில் மிஞ்சிய மோரை என்ன செய்வது என்ற கேள்வியிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

இப்போது அந்த மென்பொருள் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிகளுக்கு என்று வரும் சிமுலேஷன்கள் பெரும்பாலும் ஒரே அச்சு: அணிகள் ஒரே பொருளைச் செய்யும் கம்பெனிகள், ஒவ்வொரு காலாண்டும் விலை, உற்பத்தி, விளம்பரம், இயந்திர முதலீடு, ஆராய்ச்சி இவற்றுக்கு எவ்வளவு என்று தீர்மானிக்க வேண்டும், கணினி சந்தையைப் பங்கிட்டுக் கொடுக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழில் பழக்கும் அமெரிக்க அமைப்பான ஜூனியர் அச்சீவ்மென்ட் நீண்ட காலமாக இந்த மாதிரி ஒன்றைப் பள்ளிகளில் நடத்தி வந்திருக்கிறது. இவை மோசம் என்று சொல்ல மாட்டேன். போட்டியாளர் என்ன செய்வார் என்று யோசிக்க வைப்பதில் காகித ஆட்டத்தைவிட இவை நல்லது. ஆனால் நாலைந்து சுற்றுக்குள் கெட்டிக்காரப் பிள்ளைகள் வியாபாரத்தை யோசிப்பதை விட்டுவிட்டு அந்த மென்பொருளுக்குள் இருக்கும் சூத்திரத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள், விளம்பரத்துக்கு இவ்வளவு போட்டால் இவ்வளவு ஏறுகிறது என்று. அதைக் கண்டுபிடித்த அணி ஜெயிக்கும், வியாபாரத்தில் அப்படி ஒரு சூத்திரம் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு வீட்டுக்குப் போகும். அதனால் விற்பவரிடம் இதைக் கேளுங்கள்: சந்தையின் எண்களை ஆசிரியர் மாற்ற முடியுமா, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நிறுத்திவைத்துப் பேச முடியுமா, சுற்றுவாரியான எண்களை எடுத்துப் பிள்ளைகளே வரைபடம் போட முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் இரண்டாம் வருடம் யோசிக்கலாம். டேஷ்போர்டு அழகாக இருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பங்குச்சந்தைப் போட்டி வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்கப் பள்ளிகளில் 1977இலிருந்து ‘ஸ்டாக் மார்க்கெட் கேம்’ என்று ஒன்று நடக்கிறது, கற்பனைப் பணமாக ஒரு லட்சம் டாலர் கொடுத்து முதலீடு செய்யச் சொல்வார்கள். நல்ல ஆசிரியர் கையில் அதுவும் பயன்படலாம். ஆனால் இரண்டு மூன்று மாதத்தில் யார் அதிகம் சேர்த்தார் என்று போட்டி வைத்தால் ஜெயிக்கும் வழி ஒன்றே ஒன்று, இருப்பதையெல்லாம் ஒரே பங்கில் கொட்டி அதிர்ஷ்டத்தை நம்புவது. பிரித்து முதலீடு செய்த பொறுப்பான அணி நடுவில் எங்கேயோ நிற்கும். பதினாறு வயதில் இந்தப் பாடம் படிப்பது ஆபத்து, அதுவும் இன்றைக்கு டிரேடிங் ஆப் எல்லாம் போனிலேயே இருக்கும்போது. 2024 மே மாதம், இந்தியப் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியே, நேரடி விலைத் தரவை மெய்நிகர் வர்த்தக விளையாட்டுகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது.

சிமுலேஷன் எதைச் சொல்லித்தராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் "இதை வாங்கிக்கங்க" என்று கேட்பது எப்படி என்று எந்த ஆட்டமும் சொல்லித்தராது. அதற்கு உண்மைப் பணமும் உண்மை ஆளும் வேண்டும். ஜூனியர் அச்சீவ்மென்ட் 1919இல் மாசசூசெட்ஸில் தொடங்கியபோது அதன் வழி அதுதான், பிள்ளைகள் சின்னக் கம்பெனி தொடங்கி, பொருள் செய்து, விற்றுக் காட்டுவார்கள். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2021இல் ‘பிசினஸ் பிளாஸ்டர்ஸ்’ என்று கொண்டுவந்ததும் அந்த வகை, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு ஆளுக்கு 2,000 ரூபாய் முதல் கொடுத்து, குழுவாகச் சேர்ந்து தொழில் செய்து பாருங்கள் என்றார்கள். ஆட்டத்துக்கும் இப்படிப்பட்ட நிஜத் தொழிலுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது: ஆஸ்திரியாவின் வணிகப் பள்ளிகளில் நடக்கும் பயிற்சி நிறுவனங்கள். அங்கே பாடத்திட்டத்திலேயே அது இருக்கிறது. வகுப்பறையே அலுவலகம், கணக்குப் பிரிவு, கொள்முதல், விற்பனை, பணியாளர் பிரிவு எல்லாம் உண்டு. பொருளும் பணமும் கற்பனை, ஆனால் கடிதம், பில், ரசீது, வரிக் கணக்கு எல்லாம் நிஜம் மாதிரியே இருக்கும், வேறு பள்ளிகளின் பயிற்சி நிறுவனங்களோடு வியாபாரம் நடக்கும். இந்த ஐரோப்பிய முறையைப் பார்த்துத்தான் 1996இல் நியூயார்க் நகரப் பள்ளிகளில் ‘விர்ச்சுவல் என்டர்பிரைசஸ்’ தொடங்கினார்கள். அதற்கு ஒரு வருடம் முழுக்க நேரம் வேண்டும், முதல் வருடமே அதில் இறங்காதீர்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கூட்டுச் சேர்ந்தால், இரண்டு வகுப்பும் ஒன்றுக்கொன்று பில் அனுப்பிக்கொள்வதிலிருந்து தொடங்கலாம்.

எந்த ஆட்டம் நடத்தினாலும் ஒன்றை மட்டும் கட்டாயமாக வையுங்கள், முடிவுக் குறிப்பேடு. ஒவ்வொரு சுற்றிலும் முடிவைக் கொடுக்கும் முன்னால் இரண்டு வரி: என்ன செய்கிறோம், என்ன நடக்கும் என்று நினைக்கிறோம். விளைவு தெரிந்த பிறகு எழுதினால் எல்லோரும் முன்கூட்டியே தெரிந்த மாதிரிதான் எழுதுவார்கள். நான் மதிப்பெண் போடுவது இந்தக் குறிப்பேட்டுக்குத்தான், லாபத்துக்கு இல்லை. இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும், சொன்னால் பாதி சண்டை குறையும். பொறுப்புகளையும் மூன்று சுற்றுக்கு ஒரு முறை மாற்றுங்கள். விட்டால் அமைதியான பெண் பிள்ளை எப்போதும் கணக்கு எழுதிக்கொண்டே இருப்பாள், சத்தமாகப் பேசும் பையன் எப்போதும் முதலாளியாக இருப்பான்.

கடைசியாக, மூன்றாவது சுற்றிலேயே ஒரு அணி திவாலாகிவிட்டால் என்ன செய்வது? நிச்சயம் ஒன்று ஆகும். இன்னொரு முறை பணம் கொடுத்து ஆட விடாதீர்கள், விளைவுக்கு மரியாதை இல்லாமல் போய்விடும். சும்மாவும் உட்கார வைக்காதீர்கள். நான் அவர்களை வங்கி ஆக்கிவிடுவேன். மற்ற அணிகள் கடன் கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டு அவர்கள் மேசைக்குத்தான் வர வேண்டும். போன முறை கடனுக்கு விற்று மூழ்கிய அணியிலிருந்து இரண்டு பிள்ளைகள் வங்கி மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். முதலிடத்தில் இருந்த அணி லாபக் கணக்கைக் கொண்டுவந்து பெருமையாக நீட்டியது. வங்கி மேசையில் இருந்த இருவரில் ஒரு பெண் அதைப் பார்க்கவே இல்லை, ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "இதெல்லாம் இருக்கட்டும், அடுத்த மாசம் யார்கிட்டருந்து எவ்வளவு பணம் கைக்கு வரும், அதைச் சொல்லுங்க."